ஏரிக்கு ஓர் ஊர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பேரில் 48 பேர் நகரவாசிகள். விழுப்புரம் மாவட்டத்திலோ 15 பேர்தான். அரியலூருக்கு அடுத்தபடியாக மாநிலத்தில் கிராமத்து மக்களின் பங்கு மிக அதிகமாக இருந்த மாவட்டம் இது. அப்போது கள்ளக்குறிச்சி பிரியவில்லை. 7,200 சதுர கி.மீ.யை ஒட்டிய பரப்போடு மாநிலத்தின் மிகப் பெரிய மாவட்டமாக இருந்த விழுப்புரத்தில் 34,58,873 பேர் வாழ்ந்தார்கள். ஆனாலும் ஒரு லட்சத்தைத் தொட்ட நகரம் ஒன்றுகூட இல்லை. விழுப்புரம் நகராட்சியில் 96,253 பேர். திண்டிவனத்தில் 72,796 பேர்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் ‘பின்தங்கிய மாவட்டம்’ என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். ஆனால், ஆளில்லாத நாட்டுப்புறம் என்று இதை யாரும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லவிங் என்றொரு கவுன்ட்டி இருக்கிறது. பரப்பு 1,700 சதுர கி.மீ.க்கு மேல், 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 64 பேர். விழுப்புரத்திலோ 2011இல் சதுர கி.மீ.க்கு 481 பேர். 2019 நவம்பரில் கல்வராயன் மலையோடு கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் போனபின் மிஞ்சியது சுமார் 3,700 சதுர கி.மீ. இந்தப் பரப்பில் 2011இல் இருந்தவர்களை மட்டும் கணக்கிட்டால், அடர்த்தி 560ஐ ஒட்டி வருகிறது. மாநிலச் சராசரி 555.

ஆக, மக்களுக்குக் குறைவில்லை. அவர்கள் ஓரிடத்தில் குவியவில்லை, அவ்வளவுதான். ஏன் குவியவில்லை? பாதி பதில் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மீதி, மாவட்ட எல்லைக்கு வெளியே இருக்கிறது.

அறுபது கி.மீ.யில் 250 கோடி ஆண்டுகள்

செஞ்சியில் பேருந்து ஏறி, திண்டிவனத்தில் மாறி, மரக்காணத்தில் இறங்கினால் மொத்தத் தொலைவு ஏறக்குறைய 60 கி.மீ. நிலவியல் கணக்கில் இது 250 கோடி ஆண்டுப் பயணம். செஞ்சிக் குன்றுகள் கிரானைட்டால் ஆனவை. பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பாக இருந்து மெல்லக் குளிர்ந்து இறுகியவை. மேலே மூடியிருந்த அடுக்குகள் அரித்துப்போன பிறகு வெளியே வந்தன. பாறையின் விரிசல்களில் நீர் இறங்கி மூலை முடுக்குகளைத் தேய்த்ததால்தான், அடுக்கிவைத்தது போன்ற உருண்டைக் கற்களை இன்று அங்கே பார்க்கிறோம்.

திண்டிவனத்தைத் தாண்டித் தென்கிழக்கே வானூர் வட்டத்துக்குள் போனால் கதை மாறிவிடுகிறது. அங்கே கடினப் பாறைக்கு மேல் கடலும் ஆறும் கொண்டுவந்து போட்ட படிவுகள் கிடக்கின்றன. கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர் புதுச்சேரி வட்டாரத்தில் திரட்டிய கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்களை, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியஸ் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடல் என்பதற்கு அவை சாட்சி. அந்தப் படிவுகளில் ஒன்றுக்கு நிலவியலாளர்கள் வழுதாவூரின் பெயரையே வைத்தார்கள்.

திருவக்கரை இதைவிட இளையது. அங்கே மண்ணிலிருந்து எட்டிப்பார்க்கும் கல்மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனரா 18ஆம் நூற்றாண்டிலேயே இவற்றைப் பதிவுசெய்தார். இன்று இது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். மரம் எப்படிக் கல்லானது? மணலுக்கு அடியில் காற்றுப்படாமல் புதைந்த மரம் மட்கவில்லை. மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் செல்களுக்குள் புகுந்து படிந்தது. மரப்பொருள் போனாலும் அதன் அமைப்பு கல்லில் அப்படியே நின்றுவிட்டது. இங்குள்ள அடிமரங்களுக்கு வேர் இல்லை, கிளை இல்லை, பட்டையும் இல்லை. அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, பெருவெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டுவந்து போட்டவை என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டியது இதை வைத்துத்தான்.

பாறையின் கணக்கு

மேற்கே பாறை, கிழக்கே படிவு என்ற இந்தப் பிரிவினைதான் மனிதர்களின் இருப்பிடத்தையும் தீர்மானித்தது. மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறைமேல் மெல்லிய மண் போர்த்திய சமவெளி. ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். பாறை அதை அதிகம் குடிக்காது. தென்பெண்ணையும் சங்கராபரணியும் மழைக்காலத்தில் மட்டும் மிரட்டும் ஆறுகள். காவிரிப் படுகைபோல் ஓர் ஆற்றை நம்பி வரிசையாகக் குடியேற இங்கே வழியில்லை.

வழிந்தோடும் மழையை ஓடும் இடத்திலேயே மறித்தாக வேண்டும். நிலம் கிழக்கே மெல்லச் சரிவதால், பிறை வடிவில் ஒரு மண்கரை போட்டால் போதும், ஏரி தயார். மதகின் வழியே பாயும் நீரில் கரைக்குக் கீழே நெல் விளையும். மேல் ஏரி ‘கோடி போனால்’ அந்த நீர் வாய்க்காலில் இறங்கிக் கீழ் ஏரிக்கு வந்து சேரும். இப்படிப் படிக்கட்டுபோல் இறங்கும் ஏரிச் சங்கிலியில் ஒவ்வொரு படிக்கும் ஓர் ஊர் அமர்ந்தது. ஓர் ஏரியின் ஆயக்கட்டு எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுமோ, அவ்வளவுதான் அந்த ஊரின் அளவு. அதற்குமேல் பெருகியவர்கள் இன்னொரு கரை கட்டிக்கொண்டு தள்ளிப்போனார்கள். நீர் சிதறிக் கிடந்ததால் மக்களும் சிதறினார்கள்.

இந்தச் சிறிய ஊர்கள் எளியவை என்று எண்ண வேண்டாம். இன்றைய விக்கிரவாண்டி வட்டத்தில் இருக்கும் எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் ஒரு கல்லூரி நடந்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், அவர்களுக்கான நெல் அளவு, நில மானியம் எல்லாம் அவ்வூர்க் கல்வெட்டில் இருக்கின்றன. பனமலையில் ராஜசிம்ம பல்லவன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலும், மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்கு எடுத்த குகைக் கோயிலும் இன்றும் கிராமங்களில்தான் நிற்கின்றன.

பாட்டில் ஒரு நிலவரைபடம்

சங்க காலத்திலும் இந்த நிலத்தின் முகம் இதுவாகத்தான் இருந்திருக்கிறது. பத்துப்பாட்டு நூல்களில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் புகழ்ந்து நல்லூர் நத்தத்தனார் பாடியது. அவனுடைய தலைநகரான கிடங்கில், இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. பரிசில் தேடிப் போகும் பாணனுக்கு வழிசொல்லும் பாட்டு என்பதால், அதில் ஒரு பயணத் திட்டமே இருக்கிறது. கடற்கரையில் எயிற்பட்டினம், அடுத்து முல்லை நிலத்து வேலூர், அதற்கடுத்து மருத நிலத்து ஆமூர். மரக்காணம் கடற்கரைதான் எயிற்பட்டினம் என்றும், உப்புவேலூரும் நல்லாமூரும் மற்ற இரண்டு ஊர்கள் என்றும் ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

இந்த வரிசையை இன்றைய நிலவரைபடத்தில் வைத்துப் பார்க்கலாம். கடலோர உப்பு நிலம், அதன் பின்னே மேய்ச்சலுக்கான மேட்டுக்காடு, பிறகு ஏரிப்பாசன வயல்கள். ஒரு நாள் நடையில் திணை மாறுகிறது. ஒவ்வொரு திணையிலும் பாணனுக்குக் கிடைக்கும் உணவும் மாறுகிறது. நிலவியலாளர் இன்று துளையிட்டுக் காணும் எல்லைகளைப் புலவர் அடுப்படியை வைத்தே காட்டிவிடுகிறார்.

கோட்டை எழுந்தது, நகரம் எழவில்லை

பெரிய அதிகாரம் இந்த மண்ணுக்கு வராமல் இல்லை. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த செஞ்சிக்கு விஜயநகர நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி, பிறகு முகலாயர், பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்தார்கள். சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டும் எளிதில் பிடிக்க முடியவில்லை. செங்குத்துப் பாறையோடு, மழைநீரைச் சேர்த்துவைத்த சக்கரைக்குளம், செட்டிக்குளம் போன்ற நீர்நிலைகளும் கோட்டையின் பலம். மராட்டிய ராணுவ நிலப்பரப்பின் 12 கோட்டைகளில் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால், கோட்டையைச் சுற்றி நிலைத்த நகரம் உருவாகவில்லை. படை போனதும் சந்தையும் போனது. பெருநகரத்துக்குத் தேவையான நீரும், சரக்கு ஏற்றி இறக்கும் துறையும் பாறைக்காட்டில் கிடையாது. வணிகம் கடற்கரையில் குவிந்தது. 1674 முதல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள், பின்னர் கடலூரில் ஆங்கிலேயர்கள். 1801இல் இந்தப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சிக்குப் போனபின் தென்னாற்காடு மாவட்டம் உருவாகி, கடலூர் தலைநகரானது. 1993 செப்டம்பர் 30இல் தனி மாவட்டம் ஆகும்வரை விழுப்புரத்துக்காரர்கள் கலெக்டரைப் பார்க்கக் கடலூருக்குத்தான் போனார்கள்.

மல்லாட்டையும் ரயிலும்

ஏரி எட்டாத மேட்டு நிலத்துக்கு வாழ்வு கொடுத்தது வேர்க்கடலை. இந்தப் பக்கத்து மக்களின் பேச்சில் மல்லாட்டை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தப் பயிருக்கு இளகிய செம்மண் பிடிக்கும். பூ கருவுற்றதும் அதன் காம்பு மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்கும் என்பதால், இறுகிய களிமண் ஆகாது. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் ஏழை மண்ணிலும் தாக்குப்பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும் இந்தப் பின்னணியில்தான். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட டி.எம்.வி. 2 ரகம் 1940இல் வெளிவந்து, இந்தியாவின் பல மாநிலங்களில் பரவியது. அந்த மூன்று எழுத்துகளும் திண்டிவனத்தைக் குறிப்பவை.

மல்லாட்டை மேட்டு நிலத்தையும் கழனியாக்கியதே தவிர, ஆளை நகரத்துக்கு இழுக்கவில்லை. அந்த வேலையைச் சிறிதளவாவது செய்தது ரயில். 1879இல் விழுப்புரம் - புதுச்சேரி பாதை திறக்கப்பட்டது. இன்று சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைகளுக்கு விழுப்புரத்திலிருந்து தண்டவாளம் பிரிகிறது. ஆனால், சந்திப்பு என்பது வண்டி மாறும் இடம். சரக்கும் பணமும் ஆளும் விழுப்புரத்தின் வழியாகப் போனதில், ஊரில் தங்கியது கொஞ்சம்தான்.

எல்லைக்கு வெளியே இருக்கும் நகரம்

இந்த மாவட்டத்துக்குப் பெருநகரம் இல்லையா? இருக்கிறது, கணக்கில்தான் வரவில்லை. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவில் புதுச்சேரி. பிரெஞ்சு - ஆங்கிலேயப் போட்டியில் துண்டு துண்டாக வெட்டப்பட்ட அந்த எல்லை, சில இடங்களில் ஒரே சாலையில் தமிழ்நாட்டையும் புதுச்சேரியையும் மாறிமாறிக் காட்டும். வானூர், மரக்காணம் பக்கத்து மக்களுக்குப் பெரிய மருத்துவமனை ஜிப்மர். பண்டிகைத் துணி எடுப்பது நேரு வீதி. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் நகரவாசிகள். இரண்டையும் ஒரே வட்டாரமாகப் பார்த்தால், ஒரு நகரமும் அதைச் சுற்றிய ஊர்களும் என்ற இயல்பான சித்திரம் தெரியும். ஆட்சி எல்லை நகரத்தை ஒரு பக்கமும் கிராமங்களை மறுபக்கமும் தள்ளிவிட்டது.

கணக்கெடுப்பின் இலக்கணத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஓர் ஊராட்சியை ‘கணக்கெடுப்பு நகரம்’ என்று சொல்ல மூன்று சோதனைகள்: குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும், சதுர கி.மீ.க்கு 400 பேராவது வேண்டும். முதன்மையாக உழைக்கும் ஆண்களில் 75 சதவீதத்தினராவது வேளாண்மைக்கு வெளியே இருக்க வேண்டும். மாவட்டத்தின் சராசரி அடர்த்தியே 400ஐத் தாண்டிவிட்டது. இந்த ஊர்களைக் கிராமமாக வைத்திருப்பது அவற்றின் சிறிய அளவும் ஆண்களின் தொழிலும்தான். பெண்களின் வேலை இந்தச் சோதனையில் கணக்கில்கூட வராது.

அடுத்த கணக்கெடுப்புக்கு முன்

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. வானூர் அருகே மினி டைடல் பூங்கா 2024இல் திறக்கப்பட்டது. திண்டிவனத்தில் சிப்காட் தொழிற்பேட்டை. நான்குவழிச் சாலை நெடுக வீட்டுமனைகள். யாரும் இடம்பெயராமலேயே, தொழில் மாறியதால் மட்டும் பல கிராமங்கள் நகரப் பட்டியலில் ஏறக்கூடும். அப்போது நூற்றுக்கு 15 என்ற இந்தக் கணக்கு உயரும். அதை வளர்ச்சி என்றும் கொண்டாடுவோம்.

கொண்டாடும் முன் 2024 நவம்பர் 30ஐ நினைவில் வைக்க வேண்டும். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அந்த நாளில், மயிலத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 50 செ.மீ.யை ஒட்டிய மழை. ஆண்டு மழையில் பாதி ஒரே நாளில் கொட்டியது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் வந்த நீரைத் தென்பெண்ணையால் தாங்க முடியவில்லை. கரையோர ஊர்கள் மூழ்கின. இத்தகைய மழையைப் பல நூறு இடங்களில் பிரித்துத் தாங்குவதற்காகத்தான் ஏரிச் சங்கிலி கட்டப்பட்டது. வாய்க்கால் தூர்ந்து, ஏரிப்புறம்போக்கில் கட்டடம் எழும்பினால், அந்த நீர் போக இடமிருக்காது. கோடைக்கும் இதே கணக்குதான். ஏரி நிரம்பாவிட்டால் பாறையின் விரிசல்களில் நீர் ஊறாது. மேற்கே எத்தனை போர் போட்டாலும் புகைதான் வரும். கிழக்கே வானூர் மணற்கல்லில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வரும்.

மிஞ்சிய நீர் கடைசியில் போய்ச் சேரும் கழுவேலி சதுப்பு நிலத்தை 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024இல் அது ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கடைசிப் படிக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. மேலே உள்ள படிகளுக்கும் அதே அக்கறை வேண்டும். விழுப்புரமும் திண்டிவனமும் வளரட்டும், நகரமாகட்டும். ஆனால், இங்கே மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பவர் சாலை வரைபடத்துக்கு முன்னால் ஏரிச் சங்கிலியின் வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் எத்தனை பேர் வாழலாம் என்ற கணக்கை இந்த நிலம் ஏற்கெனவே அதில் போட்டு வைத்திருக்கிறது.