மாங்கூழ் எப்படி ஓடுகிறது?

சூளகிரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பெங்களூரா மாம்பழத்தில் பெரும்பங்கு கூழ் ஆலைகளுக்குத்தான் போகிறது. அங்கே பம்ப் தள்ள, கூழ் குழாயில் ஓடி, சூடேறி, ஆறி, கிருமி புகாத பைகளில் அடைபடுகிறது. பார்வைக்கு ஒரே திரவம்போல இருந்தாலும், இனிப்புச் சாற்றுக்குள் பழத்தசையின் செல்களும் செல் துணுக்குகளும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் அழுத்தினால் நசுங்கும், விட்டால் மீளும்.

துகள்கள் மிகக் குறைவாக மிதந்தால் கணக்கு எளிது. அவை நூற்றில் ஒரு பங்கு இடத்தை அடைத்தால் பாகுநிலை இரண்டரை சதவீதம் கூடும் என்பது ஐன்ஸ்டீன் 1906இல் தொடங்கி 1911இல் திருத்திய கணக்கு. கூட்டம் கூடினால் அது செல்லாது. ஒரே அளவுள்ள கெட்டி உருண்டைகள் ஒழுங்கின்றி அடைந்தால், சுமார் 64 சதவீத இடம் நிரம்பியதுமே அசையாமல் பூட்டிக்கொள்ளும். மென்துகள்களோ அதையும் தாண்டி நெருங்கும்; விசை போதுமானால் நசுங்கி வழிவிட்டு ஓடவும் செய்யும். மென்துகள்களின் ஓட்டத்தை ஆராயும் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்.

கூழுக்குள் கண் நுழையாது. கணினியில் நுழையலாம். நுரைக்குமிழிகளும் மென்துகள்களே; நுரைக்காக டக்ளஸ் டுரியன் 1995இல் வெளியிட்ட மாதிரியில் விதிகள் இரண்டே: ஒன்றன்மேல் ஒன்று ஏறிய உருண்டைகள், ஏறிய அளவுக்கு ஒன்றையொன்று தள்ளும், அண்டை உருண்டைகளின் வேகம் மாறுபட்டால் உராய்வு இழுக்கும். சுவரே இல்லாமல் இவற்றைச் சறுக்கவிடும் உத்தியை லீஸும் எட்வர்ட்ஸும் 1972இல் தந்தார்கள். துகள்களை அடைத்த கற்பனைப் பெட்டியின் மேல்விளிம்பைத் தாண்டும் துகள் கீழ்விளிம்பில் நுழையும். மேலடுக்கு, அதாவது பெட்டியின் மேல் நகல், அதுவரை சறுக்கிய தூரத்தைக் கழித்து இடமும், அடுக்குகளின் வேக வித்தியாசத்தைக் கழித்து வேகமும் அதற்குத் தரப்படும். ஆயிரம் துகள்களே எல்லையற்ற கூழாகிவிடுகின்றன.

சிறு விசைக்கு எதுவும் ஓடாது. ஒரு வரம்பைத் தாண்டியதும் இங்கொரு கொத்து, அங்கொரு கொத்தாகத் துகள்கள் சட்டென இடம் மாறுகின்றன. வேகமாகச் சறுக்கினால் பாகுநிலை இறங்குகிறது. இந்த நடத்தைக்கான சூத்திரத்தை ஹெர்ஷெலும் பல்க்லியும் 1926லேயே எழுதிவிட்டார்கள். அதன் காரணத்தைத் துகள் துகளாகக் காட்டுவது கணினி.

குழாய்ச் சுவரருகே சறுக்குவிசை அதிகம், நடுவில் பூஜ்யம். அதனால் நடுக்கூழ் கலங்காமல் ஒரே கட்டியாக நகரும். அங்கே சூடு போய்ச் சேரத் தாமதமாகும். கிருமி நீக்கும் பொறியாளருக்குக் கவலை தரும் இடம் அது.

நிஜச் செல்கள் உருண்டையல்ல. நாரும் பெக்டினும் கூடவே இருக்கின்றன. அவற்றையும் ஒவ்வொன்றாக மாதிரியில் சேர்க்க வேண்டும். பழம் முற்றக் கனியும்போது பெக்டின் கரைந்து செல்கள் இன்னும் மென்மையாகும். கணினியில் அது ஓர் எண்ணை மாற்றும் வேலை; ஆலையில் பம்புக்குத் தேவைப்படும் அழுத்தமே மாறும்.