செத்து செத்து விளையாடுவோம்: ஃப்ரம்சாஃப்ட்வேர் கதை

இன்னைக்கு ஒரு கேமோட ஆரம்பக் காட்சியில இருந்து தொடங்கலாம். காசு கொடுத்து கேம் வாங்கி, ஆசையா உட்கார்றீங்க. எப்படி வாள் வீசணும், எப்படி உருளணும்னு சொல்லிக் கொடுக்குற பகுதி முடியுது. உடனே ஒரு பெரிய பூதம் வந்து உங்களை நசுக்கிப் போட்டுடுது. கஷ்டப்பட்டு அதை ஜெயிச்சாலும் விட மாட்டாங்க, அடுத்து வர்ற இன்னொரு பெரிய உருவம் உங்களைக் கொன்னுடும். எப்படியும் நீங்க செத்தாத்தான் கதை நகரும்.

அந்த கேம் பேரு 'டீமன்ஸ் சோல்ஸ்'. உருவாக்கினது டோக்கியோவைச் சேர்ந்த ஃப்ரம்சாஃப்ட்வேர்.

இந்த கம்பெனியை 1986-ல ஆரம்பிச்சவர் நாவோதோஷி ஜின். அப்போ அவங்க கேம் பண்ணல, ஆபீஸ்களுக்கான பிசினஸ் சாஃப்ட்வேர்தான் எழுதினாங்க. 1994 டிசம்பர் 3-ம் தேதி ஜப்பான்ல பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்தது. ரெண்டு வாரத்துக்குள்ளயே ஃப்ரம்சாஃப்ட்வேரோட முதல் கேமும் வந்துடுச்சு: 'கிங்ஸ் ஃபீல்ட்'. இருட்டுக் குகை, மெதுவா சுழலுற வாள், எங்க போகணும்னு யாரும் சொல்லித் தராத உலகம். இந்த ஸ்டூடியோவோட குணம் அப்பவே தெரிஞ்சுடுச்சு. 1997-ல 'ஆர்மர்ட் கோர்' வந்தது. பிடிச்ச பாகங்களை மாட்டி, நாமளே ரோபோ கட்டி சண்டை போடுற கேம். ரசிகர்கள் இருந்தாங்க, ஆனா உலகமே திரும்பிப் பார்க்கல.

அதை மாத்தினவர் ஹிடெடாக்கா மியாசாக்கி. வசதி இல்லாத வீட்ல வளர்ந்தவர். சின்ன வயசுல நூலகத்துல இருந்து எடுத்து வந்த புத்தகங்கள்ல பாதி அவருக்குப் புரியாதாம். புரியாத இடங்களைத் தன்னோட கற்பனையால நிரப்பிக்குவாராம். அவரோட கேம்கள்ல கதையை நேரா சொல்லாம, ஒரு மோதிரத்தோட குறிப்புலயும் ஒரு இடிஞ்ச சுவர்லயும் ஒளிச்சு வைக்கிறது ஏன்னு இப்போ புரியுதா?

படிச்சு முடிச்சு ஆரக்கிள்ல வேலை பார்த்துட்டு இருந்தவர், நண்பர் சொல்லி 'இக்கோ'ங்கிற கேமை விளையாடினார். அதோட, கேம்தான் தன் வேலைன்னு முடிவு பண்ணிட்டார். ஆனா 29 வயசு, முன் அனுபவம் கிடையாது. வேலை கொடுக்க முன்வந்த சில கம்பெனிகள்ல ஒண்ணு ஃப்ரம்சாஃப்ட்வேர். சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்லைன்னு 2004-ல சேர்ந்தார்.

கொஞ்ச வருஷத்துல, கம்பெனிக்குள்ளயே தேறாதுன்னு கைவிட்ட ஒரு புராஜெக்ட் அவர் கண்ணுல பட்டது. அதான் 'டீமன்ஸ் சோல்ஸ்'. மத்தவங்க ஒதுங்கிப் போக, இவர் கேட்டு வாங்கினார். அவர் கணக்கு ரொம்ப எளிமை: ஏற்கனவே தோத்துப் போன விஷயம். இதுல நான் சொதப்பினாலும் யாரும் கேட்க மாட்டாங்க, அப்போ நினைச்சதை எல்லாம் செஞ்சு பார்க்கலாமே!

ஆனா கேமை விளையாடிப் பார்த்த சோனியோட மூத்த அதிகாரி ஷுஹே யோஷிடா, ரெண்டு மணி நேரம் ஆகியும் ஆரம்ப இடத்தையே தாண்டல. மோசமான கேம்னு முடிவு பண்ணினார். 2009-ல சோனி அதை ஜப்பான்ல வெளியிட்டது, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கொண்டு போகல. அங்க வேற கம்பெனிகள்தான் வெளியிட்டாங்க. ஆரம்பத்துல மந்தமா போன விற்பனை, விளையாடினவங்க வாய்வழியாப் பரவிப் பரவி ஏறுச்சு. அந்த முடிவு தப்புன்னு யோஷிடாவே பின்னாடி வெளிப்படையா ஒத்துக்கிட்டார். 2020-ல பிளேஸ்டேஷன் 5 வந்த அன்னைக்கு, சோனி பெருமையா முன்னாடி வச்ச கேம்கள்ல ஒண்ணு எது தெரியுமா? இதே 'டீமன்ஸ் சோல்ஸ்', புது வடிவத்துல!

ஏன் ஜெயிச்சது? கஷ்டமா இருந்ததால மட்டும் இல்லைங்க. செத்தா, சேர்த்து வச்ச ஆன்மாக்கள் எல்லாம் செத்த இடத்துலயே கிடக்கும். திரும்பப் போய் எடுத்துக்கலாம், ஆனா வழியில மறுபடி செத்தா மொத்தமும் போச்சு. அதே நேரம், எதிரி அதே இடத்துலதான் நிப்பான், அதே மாதிரிதான் வெட்டுவான். அதனால ஒவ்வொரு சாவும் ஒரு பாடம். தப்பு நம்மளோடதுன்னு தெரியும்போது கோபம் வந்தாலும் விட மனசு வராது.

இன்னொரு விஷயம், மத்தவங்களோட உதவி. ஒரு தடவை பனி மூடின மலைப்பாதையில கார்கள் ஏற முடியாம வழுக்கி நின்னுச்சாம். பின்னாடி வந்த கார் முன்னாடி நின்ன காரை முட்டித் தள்ள, ஒண்ணுக்கொண்ணு உதவி மேல ஏறினாங்க. மியாசாக்கியும் அந்த வரிசையில இருந்தார். இறங்கி நன்றி சொல்ல முடியாது, நின்னா மறுபடி மாட்டிக்குவோம். கடைசியா இருந்த கார் ஏறிச்சா இல்லையான்னு அவருக்குத் தெரியாமலே போச்சு. கேம்ல முகம் தெரியாத யாரோ தரையில எழுதி வச்சுட்டுப் போற எச்சரிக்கைகள், தேவைப்படும்போது உதவிக்கு வந்து மறைஞ்சு போற வீரர்கள், எல்லாத்துக்கும் விதை அந்த மலைப்பாதைதான்.

2011-ல 'டார்க் சோல்ஸ்'. 2014-ல கம்பெனியை கடோகாவா வாங்கினாங்க, அதே வருஷம் மியாசாக்கி தலைவர் ஆனார். சேர்ந்து பத்தே வருஷம்! 2015-ல 'பிளட்போர்ன்', 2019-ல 'செகிரோ'. 2022 பிப்ரவரியில வந்த 'எல்டன் ரிங்' மூணே வாரத்துக்குள்ள 1 கோடியே 20 லட்சம் பிரதி போச்சு.

ஒரு விமர்சனத்தையும் சொல்லியாகணும். 'செகிரோ' வந்தப்போ, இதுல ஈசி மோட் இல்லையேன்னு பெரிய விவாதம் நடந்தது. உடல் குறைபாடு உள்ளவங்க எப்படி விளையாடுவாங்க? எல்லாரும் ஒரே சவாலைத் தாண்டுற அனுபவத்தைத்தான் மியாசாக்கி விரும்புறார். ஆனா அந்த மலையில ஏற முடியாம நின்ன காரை பின்னாடி இருந்து தள்ளி விட்டாங்கங்கிறதையும் மறக்கக் கூடாது. இந்தக் கேள்விக்கு இந்த ஸ்டூடியோ இன்னும் முழுசா பதில் சொல்லல.

உங்களை அதிகமா சாகடிச்ச பாஸ் யாரு? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம், அதுவரைக்கும் பார்த்து உருளுங்க!