நீண்ட குழலும் நிறைந்த மருந்தும்

அண்மையில் வெள்ளவத்தையிலிருந்து என் மாணவன் ஒருவனை அழைத்துக்கொண்டு கொழும்புத் தேசிய நூதனசாலைக்குச் சென்றிருந்தேன். கண்டி அரசின் காலத்து நெடுந்துவக்குகளின் முன் அவன் நின்றுவிட்டான்.

"சேர், குழல் இவ்வளவு நீளமென்றால் மருந்தும் இரண்டு பங்கு போட்டிருப்பார்களோ?"

துவக்கு என்ற சொல்லையே முதலில் விளக்கினேன். நாம் துவக்கு என்பதைத் தமிழகத்தார் துப்பாக்கி என்பர், சிங்களத்தில் துவக்குவ. எல்லாம் துருக்கிய மொழிவழி வந்தவை. 1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையிலிருந்து கவர்ந்து சென்று, 2023 டிசம்பரில் இலங்கைக்கு மீண்ட ஆறு பொருள்களுள் இரண்டு இத்தகைய பெருந்துவக்குகளே. லெவ்கே திசாவையின் மணி பதித்த பீரங்கியைப் பற்றிப் பேசுவோர் இவற்றை மறந்துவிடுகின்றனர்.

அவனுடைய கேள்விக்கு விடை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டது. தொங்கவிட்ட மரக்கட்டையிற் குண்டைப் பாய்ச்சி, கட்டை எவ்வளவு ஊசலாடுகிறது என்று அளந்து, குண்டின் வேகத்தைக் கணிக்கும் முறையை ஆங்கிலேயரான பெஞ்சமின் றொபின்ஸ் 1742இல் வெளியிட்டார். அவ்வழியே சென்ற வுல்லிச் கணிதப் பேராசிரியர் சாள்ஸ் ஹட்டன் கண்ட முடிவுகள் வியப்பானவை. மருந்தின் நிறை நான்கு மடங்கானால்தான் வேகம் இரு மடங்காகும். குழலின் நீளத்தை இரட்டித்தாலோ, வேகம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே கூடும். குண்டு குழலுக்குள் இருக்கும் வரையில் வாயு அதனைத் தள்ளும்; ஆயின் வாயு விரிய விரிய அதன் அழுத்தம் தளர்ந்துவிடும். ஆகவே நீளத்தால் வரும் ஆதாயம் ஓரளவோடு நின்றுவிடும். குறுங்குழலில் மருந்தை அள்ளிக் கொட்டினால், அதில் ஒரு பகுதி வாய்க்கு வெளியேதான் எரியும்; சுவாலையும் முழக்கமும் பெரிதாகும், தோளும் நோகும், குண்டுக்குப் பயன் சிறிது. கரிமருந்து எரிந்தபின் அதன் நிறையிற் பாதிக்கு மேற்பட்டது திண்மமாகவே எஞ்சும். அதனால்தான் அத்துணைப் புகை. சில வெடிகளுக்குப் பின் குழலைத் துடைக்காவிட்டால் குண்டு இறங்காது.

இவ்வளவும் சொல்லிவந்த எனக்கு, வன்னியில் இருந்த என் அம்மானின் இடியன் துவக்கு நினைவுக்கு வந்தது. வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு இடிப்பதால் அதற்கு அந்தப் பெயர். மூங்கிற் கணுவொன்றே அவருக்கு அளவு. ஒரு கணு மருந்துக்கு மேல் ஒருநாளும் இடமாட்டார். ஆயினும் ஒருநாட் காலை, பன்றிக்கு வைத்த வெடியிற் குழல் பிளந்து, அவருடைய இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. குழலைச் செய்துகொடுத்த கொல்லரை ஊரே பழித்தது. எங்கள் வீட்டார் அவரிடம் பிறகு ஒரு மண்வெட்டியும் தட்டக் கொடுத்ததில்லை.

எனக்கு அப்போது வயது பன்னிரண்டு. முதல்நாள் மாலை அம்மான் மருந்திடித்ததைப் பார்த்திருந்தேன். அன்று மழை வந்ததால் அவர் காட்டுக்குப் போகவில்லை. மறுநாள் விடியுமுன் மீண்டும் இடித்ததையும் பார்த்தேன். இரண்டு மருந்து, இரண்டு குண்டு! வெறுங்குழலில் இடிகோல் எவ்வளவு இறங்கும் என்பதற்குக் கோலிலே கோடு கீறி வைப்பது வழக்கம். கோடு வாய்க்கு மேலே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது என்று பொருள். அம்மானின் கோலிலும் அக்கோடு இருந்தது. விடியுமுன் இருட்டில் அவர் அதனைப் பார்த்திருக்கமாட்டார்.

விளங்காத வயதிற் சொல்லாதது பெரிதல்ல. பின்னர் இதே பாடத்தை வகுப்பிற் படிப்பித்த காலத்தில் எல்லாம் விளங்கிற்று. கொல்லர் அப்போதும் உயிரோடிருந்தார். அம்மான் மனம் நோவாரென்று நான் வாய் திறக்கவில்லை.

மாணவனிடம் இதைச் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அந்தக் கொல்லருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா, சேர்?" என்று கேட்டான்.

இருக்கிறார்கள். மகன் ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருப்பதாகக் கேள்வி.