ஏற்றும்போது எண்ணுகிறோம், சாலையில் எடை போடுகிறார்கள்

பொள்ளாச்சியிலிருந்து வட மாநிலங்களுக்குத் தேங்காய் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது இது: "தோட்டத்துல காயை எண்ணி ஏத்துறாங்க சார். ரோட்டுல யாருங்க எண்ணப் போறாங்க? எடைதானுங்க போடுவாங்க."

அவருக்கு நேர்ந்த கதையைக் கேளுங்கள். வழக்கமாக அவர் வண்டியில் 22,000 உரித்த காய் ஏறும். காய் ஒன்று அரை கிலோ என்ற கணக்கில் 11 டன். அந்த முறையும் அதே 22,000 காய்தான். ஆனால் அதற்கு முந்தைய பருவத்தில் நல்ல மழை பெய்து, காய் பருத்திருந்தது. ஒரு காய் சராசரியாக 620 கிராம். ஆக, ஏறியது 13.6 டன். வண்டி ஏற்றக்கூடியதோ 11.8 டன். நெடுஞ்சாலை எடை மேடையில் 1.8 டன் கூடுதல் என்று சீட்டு வந்தது. அபராதம் போட்டதோடு, கூடுதல் சுமையை இறக்கினால்தான் வண்டி நகரலாம் என்றார்கள். கிட்டத்தட்ட 3,000 காயைச் சாலை ஓரத்தில் இறக்கிவிட்டு, மாற்று வண்டிக்காக ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருந்திருக்கிறார். அபராதத்தில் பாதி அவர் படியில் பிடிக்கப்பட்டது.

இதில் ஓட்டுநரின் தவறு என்ன? காய் பருத்தது அவருக்குத் தெரியாது. தோட்டக்காரருக்குத் தெரியும், ஆனால் அது எடையில் எவ்வளவு என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. எடை மேடையில் வெடிக்கும் பிரச்சினை பல நேரம் தோட்டத்திலும் களத்திலும்தான் தொடங்குகிறது. அதைச் சரிசெய்யும் இடமும் அதுதான்.

சட்டம் சொல்வது என்ன?

ஒவ்வொரு சரக்கு வண்டிக்கும் சுமையோடு சேர்த்த மொத்த எடை இவ்வளவுதான் என்று ஆர்.சி.யில் குறிக்கப்பட்டிருக்கும். முன்னால் இரண்டு டயர், பின்னால் நான்கு டயர் கொண்ட ஆறு சக்கர லாரிக்கு 2018-ல் இந்த வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. பழைய வண்டிகளின் ஆர்.சி.யில் இன்னும் பழைய எடையே இருக்கலாம். சோதனையில் பார்ப்பது ஆர்.சி.யில் உள்ள எண்ணைத்தான். 18.5 டன்னில் வண்டியின் வெற்று எடை 6.7 டன் என்றால், நீங்கள் ஏற்றக்கூடியது 11.8 டன் மட்டுமே. தார்ப்பாய், கயிறு, பிளாஸ்டிக் கிரேடு எல்லாம் இந்த 11.8 டன்னுக்குள்தான் அடங்க வேண்டும். கிரேடு ஒன்று 2 கிலோ என்றால் 500 கிரேடுக்கே ஒரு டன் போய்விடும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு 2019-ல் திருத்தப்பட்டது. அதன்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். இறக்கும் செலவும் தனி. கூடுதல் சுமையை இறக்காமல் வண்டியை விடக் கூடாது. அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு போகலாம் என்ற பழைய வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2005-லேயே ஏற்கவில்லை. எடை போட நிறுத்தாமல் போனால் 40,000 ரூபாய் அபராதம்.

வைக்கோல் ஏற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வைக்கோல் எடையில் தப்பிவிடும், அளவில் மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டிலோ உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டினால் அதற்கும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். வண்டியை ஓட்டியவர் மட்டுமல்ல, அப்படி ஓட்டச் செய்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் இந்தப் பிரிவின் கீழ் வருகிறார்கள். "ஏத்துப்பா, போற வழியில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது சட்டப்படியும் சரியல்ல, நியாயப்படியும் சரியல்ல.

மொத்த எடை சரி, அச்சு எடை தவறு

ஓட்டுநர்கள் அடிக்கடி சொல்லும் மற்றொரு சிக்கல் இது. மொத்த எடை வரம்புக்குள் இருக்கும். ஆனால் பின் அச்சில் அதிகம் என்று வரும். ஆறு சக்கர லாரியில் முன் அச்சுக்கு 7 டன், பின் அச்சுக்கு 11.5 டன் என்பது வரம்பு. கனமான மூட்டைகளை எல்லாம் கதவுப் பக்கம் அடுக்கினால் பின் அச்சு வரம்பைத் தாண்டும். இறக்கும்போது வசதி என்று பலரும் இப்படித்தான் அடுக்குகிறார்கள். கனமான சரக்கைத் தரையோடு தரையாக, முன்பக்கமிருந்து சமமாகப் பரப்பி அடுக்க வேண்டும். இலேசானதை மேலே வைக்க வேண்டும்.

அச்சு எடையில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலை அமைத்து, வெவ்வேறு பாரங்களில் லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். சாலைக்கு ஏற்படும் சேதம், அச்சு எடையின் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் உயர்கிறது என்று அதில் தெரிந்தது. அதாவது அச்சில் 20 சதவீதம் கூடினால், சேதம் இரண்டு மடங்காகிறது. உங்கள் ஊர் இணைப்புச் சாலை இரண்டே மழையில் குழியாவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் குழியில் குலுங்கி நசுங்குவதும் உங்கள் தக்காளிதான்.

ஈரமும் எடைதான்

நெல் விவசாயிகளுக்கு இது நன்றாகப் புரியும். 17 சதவீத ஈரப்பதத்தில் 10 டன் உள்ள நெல், 22 சதவீத ஈரப்பதத்தில் ஏறக்குறைய 10.64 டன் இருக்கும். நீங்கள் வாடகை கொடுத்து ஏற்றும் அந்த 640 கிலோவும் வெறும் தண்ணீர். மூட்டை எண்ணிக்கையை மட்டும் வைத்து ஏற்றினால் இது தெரியாது. மழையில் நனைந்த முட்டைகோஸ், கழுவி ஏற்றும் கேரட், ஈர மண் ஒட்டிய மரவள்ளிக் கிழங்கு எல்லாமே இப்படித்தான். நீர் வடியவிட்டு, மண்ணை உதறி ஏற்றினால் எடையும் குறையும், வழியில் அழுகுவதும் குறையும்.

நிற்கும் வண்டியில் சரக்கு என்ன ஆகும்?

அறுவடை செய்த காயும் பழமும் சுவாசித்துக்கொண்டேதான் இருக்கும். சுவாசிக்கும்போது வெப்பம் வெளியாகும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் சுவாச வேகம் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆகும். ஓடும் வண்டியில் காற்று புகுந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. தார்ப்பாய் மூடிய வண்டி வெயிலில் நின்றால் அந்த வெப்பம் உள்ளேயே தங்கும். அதிக பாரம் ஏற்றிய வண்டியில் அடியில் உள்ள கிரேடுகள் மேல் சுமையால் நசுங்கியிருக்கும். அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். ஆக, 2 டன் கூடுதலாக ஏற்றி வாடகையை மிச்சம் பிடிக்க நினைத்தால், அபராதம் 24,000 ரூபாய், இறக்குக் கூலி, மாற்று வண்டி, சந்தை நேரம் தவறியதால் விழுந்த விலை, அழுகிய சரக்கு என்று ஐந்து வழிகளில் பணம் போகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடு பெறுவதும் சிக்கலாகும்.

ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

வண்டி வந்தவுடன் ஆர்.சி.யைக் கேட்டு மொத்த எடையைப் பாருங்கள். அருகிலுள்ள எடை மேடையில் வெற்று வண்டியை எடை போட்டு, ஏற்றிய பிறகு அதே மேடையில் மீண்டும் போடுங்கள். இரண்டு முறையும் ஓட்டுநர் வண்டிக்குள் இருக்கிறாரா இல்லையா என்பது ஒன்றுபோல இருக்க வேண்டும். வண்டி ஏறும் முன் திரையில் சுழி காட்டுகிறதா, எல்லாச் சக்கரங்களும் மேடைக்குள் நிற்கின்றனவா என்று பாருங்கள். எடை மேடைக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை இட வேண்டும். அந்தச் சான்றிதழ் அங்கே மாட்டப்பட்டிருக்க வேண்டும்.

அருகில் எடை மேடை இல்லையா? வெவ்வேறு குவியல்களிலிருந்து 100 காயை எடுத்து நிறுத்துப் பாருங்கள். மூட்டையானால் 10 மூட்டை. சராசரி எடையை மொத்த எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். அரை மணி நேர வேலை. அந்தத் தேங்காய் லாரிக்கு இதைச் செய்திருந்தால் 19,000 காயோடு நிறுத்தியிருப்பார்கள்.

காகிதங்களும் சுமையைப் போலவே முக்கியம்

ஆர்.சி., தகுதிச் சான்று, பர்மிட், காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவை டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் இருந்தாலும் செல்லும். சரக்குக்கான சீட்டு உங்கள் பொறுப்பு. பச்சைக் காய்கறி, பழம், தேங்காய் போன்றவற்றுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, இ-வே பில்லும் வேண்டாம். ஆனாலும் யாருடைய சரக்கு, எங்கிருந்து எங்கே, எவ்வளவு எடை என்று கையெழுத்திட்ட சீட்டு ஒன்றை எடைச் சீட்டோடு சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.

பதப்படுத்தினால் கணக்கு மாறும். பச்சை மஞ்சளுக்கு வரி இல்லை, காய்ந்த மஞ்சளுக்கு உண்டு. தேங்காய்க்கு இல்லை, கொப்பரைக்கு உண்டு. இப்படி வரி உள்ள சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வெளி மாநிலம் போனாலும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் போனாலும் இ-வே பில் தேவை. வாங்கும் வியாபாரி ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் என்றால் பில் எடுப்பது அவர் பொறுப்பு. ஏற்றும் முன்பே பில் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அது செல்லும். வண்டி வழியில் நின்றுவிட்டால் காலம் முடிவதற்கு முன்னோ பின்னோ 8 மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ள வேண்டும்.

சோதனையில் பணம் கட்ட நேர்ந்தால் எண்ணுள்ள ரசீது இல்லாமல் கட்ட வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொல்லி அனுப்புங்கள். எடையும் காகிதமும் சரியாக இருந்தால்தான் அவரால் நிமிர்ந்து நின்று ரசீது கேட்க முடியும். அதிக பாரத்தோடு நிற்பவரால் கேட்க முடியாது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் விரிவாக்கப் பணியாளர்களும் இதில் உதவலாம். கொள்முதல் இடத்தில் ஒரு மின்னணுத் தராசு, சரக்குச் சீட்டுப் புத்தகம், வழக்கமாக வரும் வண்டிகளின் அனுமதித்த எடைப் பட்டியல் ஆகிய மூன்றும் இருந்தால் பெரும்பாலான சிக்கல்கள் ஏற்றும் இடத்திலேயே தீர்ந்துவிடும். வாடகை பேசும்போதே, சொன்ன எடைக்கு மேல் ஏற்றச் சொன்னால் அபராதம் யாருக்கு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஓட்டுநர் இப்போது ஏற்றுவதற்கு முன் நூறு காயை எடுத்து நிறுத்துப் பார்க்கச் சொல்கிறாராம். மறுக்கும் தோட்டத்துக்கு வண்டி விடுவதில்லை. அடுத்த முறை உங்கள் தோட்டத்துக்கு வரும் ஓட்டுநர் அப்படிக் கேட்டால் கோபப்படாதீர்கள்; தராசை எடுத்துக் கொடுங்கள்.