பாதை முழுமையா? – எளிய மின்தொடர்ச்சிச் சோதனைக் கருவிகள்

நேற்றுவரை நன்றாக இருந்த இஸ்திரிப் பெட்டி இன்று சூடேறவில்லை. பியூஸ் போயிற்றா? வயர் உள்ளுக்குள் அறுந்ததா? சூடேற்றும் கம்பியே எரிந்துவிட்டதா? வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மின்னோட்டம் செல்ல முறிவில்லாத பாதை வேண்டும். அந்தப் பாதை முழுமையாக உள்ளதா என்று காட்டுவதே தொடர்ச்சிச் சோதனைக் கருவி. கடைக்காரர்கள் இதைக் 'கண்டினியுட்டி டெஸ்டர்' என்பார்கள். சிறு பழுதுகளைப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் எதனைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை இன்று காண்போம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். திருப்புளி போன்ற வடிவில், உள்ளே சிறு நியான் விளக்குடன் விற்கப்படும் 'டெஸ்ட் பென்' இந்தக் கருவியன்று. அது கம்பியில் மின்சாரம் இருப்பதைக் காட்டுவது. நாம் பேசும் கருவியோ, தன் சொந்தப் பேட்டரியிலிருந்து சிறிது மின்னோட்டத்தை அனுப்பிப் பார்ப்பது. ஆகவே சோதிக்கப்படும் பொருளில் வேறு மின்சாரம் இருக்கவே கூடாது. சுவிட்சை அடைத்தால் மட்டும் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, நம் கண்முன்னே வைத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டு வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். பழைய சாதனங்களில் 240 என்று அச்சிட்டிருக்கும். இரண்டுமே உயிரைப் பறிக்கக் கூடியவை.

இனி, கருவிகளைப் பார்ப்போம்.

மிக எளியது டார்ச்லைட் பல்புக் கருவி. 1.5 வோல்ட் பேட்டரி இரண்டு, 2.5 வோல்ட் பல்பு ஒன்று, வயர் இரண்டு துண்டு. இவற்றை வரிசையாக இணைத்து, இரு முனைகளை வெளியே விட்டால் கருவி ஆயத்தம். முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் பல்பு எரியும். இவ்வாறு தொட்டுப் பார்த்துவிட்டே ஒவ்வொரு முறையும் சோதனையைத் தொடங்க வேண்டும். இல்லையேல் பேட்டரி தீர்ந்ததைப் பொருளின் பழுது என்று எண்ணிவிடுவோம்.

அடுத்தது, பல்புக்குப் பதில் சிவப்பு எல்.இ.டி. விளக்கும் 100 ஓம் மின்தடையும் சேர்த்த கருவி. கோலாலம்பூர் பாசார் சாலையில் உள்ள மின்னணுப் பொருள் கடைகளில் இந்தச் சில்லறைப் பொருள்கள் கிடைக்கும்.

இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். ஆனால், அவை சொல்லும் விடை ஒன்றன்று. இதை இஸ்திரிப் பெட்டியைக் கொண்டே விளக்குவோம். 1000 வாட் பெட்டியின் சூடேற்றும் கம்பிக்கு ஏறத்தாழ 53 ஓம் தடை உண்டு. டார்ச்லைட் பல்பு நன்றாக எரிய 0.3 ஆம்பியர் வேண்டும். 53 ஓம் தடையின் வழியே 3 வோல்ட் பேட்டரி அனுப்புவது 0.05 ஆம்பியர் அளவே. எனவே கம்பி நன்றாக இருந்தாலும் பல்பு எரியாது. அதை நம்பினால் நல்ல பெட்டியைக் குப்பையில் எறிந்துவிடுவோம்! எல்.இ.டி. கருவியோ அங்கே தெளிவாக ஒளிரும். வெப்பத் திருகைக் கூடுதல் சூட்டில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. குறைந்த நிலையில் உள்ளே சுவிட்ச் திறந்திருக்கக்கூடும்.

அப்படியானால் எல்.இ.டி. கருவிதான் சிறந்ததா? அவசரப்படக் கூடாது. எர்த் கம்பியை எண்ணிப் பாருங்கள். பிளக்கின் பெரிய முள்ளிலிருந்து பெட்டியின் உலோக உடல்வரை செல்லும் அந்தக் கம்பிதான், பழுது நேரும்போது நம்மைக் காப்பது. அதன் இணைப்புத் துருப்பிடித்து 1000 ஓம் தடை ஏறியிருந்தாலும் எல்.இ.டி. மங்கலாகவாவது ஒளிரும். 'பரவாயில்லை' என்று நம்பிவிடுவோம். டார்ச்லைட் பல்பு அங்கே எரியாது. சூடேற்றும் கம்பியில் குறையாக இருந்த அதே குணம் எர்த் கம்பியில் நமக்குக் காவலாகிறது. எனவே எர்த், வயர், பியூஸ் ஆகியவற்றுக்குப் பல்புக் கருவி. சூடேற்றும் கம்பி போன்றவற்றுக்கு எல்.இ.டி. கருவி என்று பிரித்துக்கொள்வது நலம். ரேடியோ போன்ற மின்னணுப் பொருள்களின் நுண்ணிய பாகங்களில் பல்புக் கருவியை வைக்கலாகாது. அதன் மின்னோட்டம் அவற்றுக்கு மிகுதி.

காசு கொடுத்து ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், ஒலியெழுப்பும் வசதியுள்ள மல்டிமீட்டரை வாங்கலாம். அது தடையை எண்ணாகவே காட்டிவிடும். நல்ல வயருக்குச் சுழியை ஒட்டிய எண். நம் இஸ்திரிப் பெட்டிக்கு 53 அளவில் ஓர் எண். ஆனால் ஒலியை மட்டும் நம்பலாகாது. பல மீட்டர்கள் சில பத்து ஓமுக்குக் கீழே இருந்தால்தான் ஒலிக்கும். ஒலி கேட்கவில்லையென்றால் எண்ணைப் பார்க்க வேண்டும்.

இறுதியாக ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மின்கம்பிக்கும் உலோக உடலுக்கும் இடையே நம் கருவி ஒளிர்ந்தால் பெட்டி ஆபத்தானது. அதைப் பயன்படுத்தவே கூடாது. ஒளிராவிட்டால் ஆபத்தில்லை என்று பொருளாகாது. 3 வோல்ட்டில் கசியாத உறை 230 வோல்ட்டில் கசியலாம். அதனால்தான் மின்பணியாளர்கள் 500 வோல்ட் தரும் 'மெகர்' கருவியால் சோதிக்கிறார்கள். சுவருக்குள் செல்லும் வீட்டு வயரிங்கை அத்தகைய தகுதி பெற்றவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் பேட்டரியும் பல்பும் கொண்டு ஒரு கருவி செய்து, கரண்டியையும் பென்சில் கரியையும் ரப்பரையும் சோதித்துப் பார்க்கட்டும். விளக்கு எரிந்ததா என்று கேட்பதோடு நில்லாமல், எவ்வளவு பிரகாசமாக எரிந்தது என்றும் அவர்களைக் கேளுங்கள். மின்தடை என்னும் பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.