கல்லுக்குள் சுருண்டு கிடந்த பல் சக்கரம்!

100 ஆண்டுப் புதிரை விடுவித்தது எக்ஸ்-ரே

முள்ளு முறுக்கை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நடுவில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வெளியே வரும். அந்த முறுக்கின் ஓரம் முழுவதும் கத்தி போன்ற பற்கள் முளைத்திருந்தால் எப்படி இருக்கும்?

அப்படிப்பட்ட பல் சக்கரத்துடன் ஒரு மீன் கடலில் வாழ்ந்தது. இன்று நேற்றல்ல, சுமார் 27 கோடி ஆண்டுகளுக்கு முன்பு! அதன் பெயர் ஹெலிகோப்ரியான். "சுருள் ரம்பம்" என்பது இதன் பொருள்.

இந்தச் சக்கரம் மீனின் உடம்பில் எங்கே இருந்தது? இந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்க 100 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பதிலைச் சொன்னது எக்ஸ்-ரே!

பல் மட்டும் மிச்சம்

சுறா மீனைச் சமைத்தவர்களுக்கு ஒன்று தெரியும். அதற்கு மற்ற மீன்களைப் போலக் கெட்டியான முள் கிடையாது. நம் காது மடலில் இருப்பது போன்ற குருத்தெலும்புதான் உண்டு. மீன் செத்ததும் அது பெரும்பாலும் மக்கிப் போகும். பல் கெட்டியானது. அது மண்ணில் புதைந்து, நாளாவட்டத்தில் கல்லாகி விடும்.

ஹெலிகோப்ரியானும் குருத்தெலும்பு மீன்தான். ஆகவே பல் சக்கரம் கிடைத்தது, உடம்பு கிடைக்கவில்லை.

ஆளுக்கு ஒரு யோசனை

ருஷ்யாவில் ஊரல் மலைப் பகுதியில் கிடைத்த சக்கரத்தைப் பற்றி 1899-ல் கார்பின்ஸ்கி என்ற விஞ்ஞானி எழுதினார். யானை துதிக்கையைத் தூக்குவது போல, அது மூக்கு நுனியில் மேல்நோக்கிச் சுருண்டிருந்தது என்று அவர் நினைத்தார். முதுகுத் துடுப்பில் இருந்திருக்கலாம் என்று சிலர் எண்ணினார்கள். வாலில் என்றார்கள் வேறு சிலர்!

1950-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாஸ்பேட் சுரங்கம் ஒன்றில் ஒரு கல் அகப்பட்டது. அதில் 23 சென்டிமீட்டர் அகலமுள்ள சக்கரம் இருந்தது. மொத்தம் 117 பற்கள்! அதிசயமாக, கொஞ்சம் குருத்தெலும்பும் மிஞ்சியிருந்தது. 1966-ல் இதை ஆராய்ந்த பெண்டிக்ஸ்-ஆல்ம்கிரீன், சக்கரம் கீழ்த் தாடையில் இருந்தது என்று எழுதினார். ஆனால் தாடையின் பெரும் பகுதி கல்லுக்குள் மறைந்து கிடந்தது. கல்லை உடைத்தால், உள்ளே இருப்பதும் நொறுங்கி விடுமே!

உடைக்காமல் பார்த்தார்கள்

கை ஒடிந்தால் டாக்டர் எக்ஸ்-ரே எடுக்கச் சொல்கிறார். கதிர் சதைக்குள் எளிதில் புகுந்து செல்கிறது. எலும்பு அதைத் தடுக்கிறது. அதனால் எலும்பின் உருவம் படத்தில் விழுகிறது. கல்லிலும் இதே கதைதான். கல் ஓர் அளவு தடுக்கும். உள்ளே புதைந்த பல்லும் குருத்தெலும்பும் வேறு அளவு தடுக்கும்.

ஐடஹோ விஞ்ஞானி லீப் டபனிலாவின் குழுவினர் அந்தக் கல்லை டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் 'ஸ்கேன்' செய்தார்கள். ஆஸ்பத்திரி ஸ்கேன் போன்றதுதான். ஆனால் கதிரின் வலிமை அதிகம். ரொட்டியை வில்லை வில்லையாக நறுக்குவது போல, கல்லின் உட்புறம் படம் படமாக வந்தது. கம்ப்யூட்டர் அவற்றை அடுக்கி முழு உருவத்தையும் காட்டியது.

புதிர் விடுபட்டது

முடிவு 2013-ல் வெளியாயிற்று. சக்கரம் இருந்தது மூக்கிலும் அல்ல, வாலிலும் அல்ல. கீழ்த் தாடை முழுவதையும் அதுவே அடைத்துக் கொண்டிருந்தது! புதுப் பல் பின்னால் முளைக்கும். பழைய பல் விழாது; முன்னால் தள்ளப்பட்டு, கீழே இறங்கி, தாடைக்குள் சுருண்டு கொள்ளும். மீன் குட்டியாக இருந்தபோது முளைத்த சின்னப் பற்கள் சக்கரத்தின் நடுவில் இருந்தன.

இன்னோர் ஆச்சரியம்! மேல் தாடை அமைந்த விதத்தைப் பார்த்ததும், இது அசல் சுறா அல்ல என்று தெரிந்தது. சுறாவுக்குத் தூரத்து உறவான கைமீரா என்ற மீன் இனத்துக்குத்தான் இது நெருங்கிய சொந்தம்.

எக்ஸ்-ரேயை ராண்ட்ஜன் கண்டுபிடித்தது 1895-ல். முதலில் தம் மனைவியின் கை எலும்பைப் படம் பிடித்துக் காட்டினார். அதே கதிர்தான் 27 கோடி ஆண்டுக் கல்லுக்குள்ளும் புகுந்து பார்த்தது. கல் உடையவில்லை; புதிர்தான் உடைந்தது!