காடுறை வௌவாலின் நெடும்பயணம்

பருவந்தோறும் நாடு விட்டு நாடு செல்லும் பறவைகளைப் பற்றி மாணவர்களாகிய நீங்கள் பாடநூல்களிற் படித்திருப்பீர்கள். நான் இன்று கூற வந்தது, அவ்வாறே வலசை போகும் ஒரு வௌவாலைப் பற்றி. இதன் உடல் நம் கட்டை விரலளவே. எடையோ பெரும்பாலும் பத்துக் கிராமுக்குட்பட்டது. 1839-ஆம் ஆண்டில் கெய்சர்லிங், பிளாசியஸ் என்னும் அறிஞர் இருவர் இதனை முதன்முதல் விவரித்தனர். நாதூசியஸ் வௌவால் என்பது இதன் பெயர்.

பால்டிக் கடலையொட்டிய காடுகளே இதன் பிறப்பிடங்களுள் முதன்மையானவை. கோடையில் பெண் வௌவால்கள் மரப்பொந்துகளிலும், பிளந்த மரப்பட்டைகளின் அடியிலும் திரளாகக் கூடி வாழும். ஒரு தாய் பெரும்பாலும் இரண்டு குட்டிகளை ஈனும். ஏரி, சதுப்பு நிலங்களின் மேல் பறக்கும் கொசுவும் பிற சிறு பூச்சிகளுமே உணவு. இலையுதிர் காலம் நெருங்கியதும் இவை தென்மேற்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன.

ஏன் புறப்பட வேண்டும்? குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கழிக்கும் வௌவால்கள் பல, உறைபனி எட்டாத ஆழ்ந்த குகைகளை நாடும். இதுவோ உறக்கத்திற்கும் பெரும்பாலும் மரப்பொந்தையே நாடுவது. வடகிழக்கின் கடுங்குளிரில் பொந்து காப்பளிக்காது. ஆகவே குளிர் குறைந்த நாடுகளைத் தேடிச் செல்கிறது. வழிநெடுகிலும் ஆண்கள் பொந்துகளிலமர்ந்து, கடந்து செல்லும் பெண்களைக் குரல் கொடுத்து அழைக்கின்றன. இலையுதிர் காலத்தில் கூடினாலும், பெண் கருவுறுவது அடுத்த வசந்தத்தில்தான்!

இவையெல்லாம் எவ்வாறு தெரிந்தன எனக் கேட்பீர்கள். முன்கையில் மாட்டும் ஒரு சிறு உலோக வளையமே சான்று. லாத்வியாவில் வளையமிடப்பட்ட வௌவால் ஒன்று, 2,224 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்பெயின் நாட்டிற் கண்டெடுக்கப்பட்டது. 2016-இல் லண்டனில் வளையம் பெற்ற பெண் வௌவாலொன்று, 2021-இல் ருஷியாவின் பிஸ்கோவ் பகுதியிற் காணப்பட்டது. இடைத்தொலைவு 2,018 கிலோமீட்டர். அத்துணைத் தொலைவு பறந்த அப்பிராணியைக் கடித்துக் குதறியது, ஒரு பூனை!

பூனையினும் பெரிய இடர் காற்றாலைகள். ஜெர்மனியில் அவற்றின் சிறகடியில் மடியும் வௌவால்களுள் இவ்வினம் முன்னணியில் நிற்கிறது. ஆண்டிற்கு இரு குட்டிகளே ஈனும் உயிரினம் இவ்விழப்பை எளிதில் ஈடு செய்துகொள்ள இயலாது. நல்வாய்ப்பாக, இதற்கொரு பரிகாரம் உண்டு. என் கருத்தில் அது மலிவானதுங்கூட. வௌவால்கள் மிகுதியாகப் பறப்பது காற்று மெல்ல வீசும் இரவுகளில். மின்சாரம் மிகக் குறைவாகக் கிடைப்பதும் அவ்விரவுகளில்தான். வலசைக் காலத்தின் அத்தகைய இரவுகளில் சிறகுகளைச் சுழலாமல் நிறுத்தி வைத்த இடங்களிலெல்லாம் சாவு பெரிதும் குறைந்துள்ளது.